அரை மணி நேரம், ஒரு கேமரா: எந்தப் பழக்கத்தைப் பிடிப்பது?

புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. தினம் ஒரு படம் எடு என்பார் ஒருவர். எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவல் மோடை விட்டு வெளியே வராதே என்பார் இன்னொருவர். ஒரே லென்ஸோடு ஒரு வருடம் ஓட்டு, ஞாயிற்றுக்கிழமை குழுவோடு நட, பெரிய ஆட்களின் படங்களைப் பார், ஃபில்ம் சுருளில் எடுத்துப் பழகு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். தனித்தனியே பார்த்தால் எதுவும் தவறான யோசனை இல்லை. ஆனால் வேலைக்குப் போய் வந்து, வீட்டுச் சோலியையும் பார்க்கிற ஒருவருக்கு ஒரு நாளில் மிஞ்சுவது அரை மணி நேரம். அதற்குள் இத்தனையையும் திணிக்கப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் கேமராவை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஓரம்கட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். எதைப் பிடிப்பது?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதத்துக்கு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. வாரத்தில் ஒரு நாள் வெளியே போகாமல், எடுத்த படங்களை உட்கார்ந்து பொறுக்குவது. மற்றவை ஏன் பின்வரிசைக்குப் போகின்றன, யாருக்கு இந்த விடை பொருந்தாது என்பதையும் பார்த்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு சோதனை. கடைசியாக எடுத்த நூறு படங்களைத் திறந்து வரிசையாகப் பாருங்கள். ஆடிப்போனவை, ஃபோகஸ் தவறியவை, முகம் கருத்து வானம் வெளுத்தவை அதிகமாக இருந்தால் உங்கள் குறை கருவியைக் கையாள்வதில் இருக்கிறது. படம் தெளிவாக இருக்கிறது, வெளிச்சமும் சரியாக இருக்கிறது, ஆனால் எதைப் பார்க்கச் சொல்கிறது என்றே தெரியவில்லை. பெரியப்பாவின் தலையிலிருந்து மின்கம்பம் முளைத்திருக்கிறது. ஓரத்தில் யாருடைய முழங்கையோ நீட்டிக்கொண்டிருக்கிறது. இப்படி இருந்தால் குறை பார்வையில். ஒரே காட்சி பத்துப் பன்னிரண்டு முறை இருக்கிறது, எது தேறும் என்று உங்களாலேயே சொல்ல முடியவில்லை என்றால் அது மூன்றாவது வகை, தேர்வுக் குறை.

கைபேசியில் எடுப்பவர்களில் முதல் வகையினர் இப்போது குறைவு. ஃபோகஸையும், எவ்வளவு வெளிச்சம் பதிவாக வேண்டும் என்ற எக்ஸ்போஷரையும் கைபேசியே பார்த்துக்கொள்கிறது. பகல் வெளிச்சத்தில் ஆடிப்போன படம் எடுப்பதற்குக் கொஞ்சம் சிரமப்படவே வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் பெரும்பாலோரின் பாடு. ஆனால் கிடைக்கும் அறிவுரையோ பெரும்பாலும் முதல் வகைக்கானது. பிடிவாதமாக ஒரு பழக்கத்தைக் கடைப்பிடித்தும் படங்கள் தேறாமல் போவதற்கு இந்தப் பொருத்தமின்மையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தினம் ஒரு படம்

இதற்குத்தான் பெயர் அதிகம். இந்தப் பழக்கத்தைச் சொல்லும்போது இரண்டு அமெரிக்கர்களை ஒரே மூச்சில் சொல்வார்கள். ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31 முதல் 1997 அக்டோபர் 25 அன்று இறக்கும்வரை நாளுக்கு ஒரு போலராய்டு படம் என்று எடுத்துக்கொண்டே இருந்தார். ஜிம் பிராண்டன்பர்க் 1994இல், இலையுதிர் காலச் சமஇரவு நாளில் தொடங்கிக் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் வரை, மினசோட்டா மாநிலத்தின் வடக்குக் காடுகளில் 90 நாட்கள், நாளுக்கு ஒரே ஒரு முறை ஷட்டரை அழுத்தினார்.

இரண்டும் வேறு வேறு காரியங்கள். லிவிங்ஸ்டன் வைத்திருந்தது ஒரு நாட்குறிப்பு. நண்பர்கள், சாப்பாடு, அறை, கடைசியில் மருத்துவமனை என்று வாழ்க்கை அப்படியே வரிசையாக வருகிறது. தனித்தனிப் படத்தின் அழகுக்காக யாரும் அதைப் பார்ப்பதில்லை. பிராண்டன்பர்க் அந்த விரதத்தை எடுத்தபோது நேஷனல் ஜியாகிரஃபிக் இதழுக்காகப் பல வருடம் உழைத்து, காட்டு வெளிச்சத்தை அத்துபடியாக வைத்திருந்தவர். கை தேர்ந்தவர் தன்னைத்தானே நெருக்கிக்கொண்ட விளையாட்டு அது. நாளுக்கு ஒரே அழுத்தல் என்று தொடக்கக்காரர் கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் தவறு செய்யக்கூட வாய்ப்பு இல்லாமல் போய்விடும். இங்கே தவறுகள் தாராளமாகத் தேவைப்படுகின்றன: ஒரே ஆளை இடப்பக்கம் நின்று, வலப்பக்கம் நின்று, குனிந்து, நெருங்கி எடுத்து, நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எது ஏன் கெட்டது என்று தெரியும்.

நடைமுறையில் தினம் ஒரு படம் எப்படி முடிகிறது என்பதும் தெரிந்ததுதான். இரவு பதினொன்றே முக்காலுக்கு நினைவு வரும். மேஜையிலிருக்கும் டம்ளர், வாசலில் கிடக்கும் செருப்பு, தூங்கும் பூனை. பட்டியலில் ஒரு நாள் கூடும். பார்வையில் ஒன்றும் கூடாது.

இருந்தாலும் ஒரு சாராருக்கு இதைத்தான் சொல்வேன். கல்யாணம், சுற்றுலா, பிறந்தநாள் தவிர வேறு நாளில் கேமராவைத் தொட்டே பழக்கமில்லாதவர்கள். அவர்களுக்குக் கேமரா கூடவே இருப்பது இயல்பாக வேண்டும். தெருவில் அதை வெளியே எடுக்கிற கூச்சம் போக வேண்டும். அதற்கு ஒரு மாதம் போதும். 365 நாள் கணக்கெல்லாம் தேவையில்லை.

மேனுவல் மோடும் எருமையும்

மேனுவலில் எடுத்தால்தான் புகைப்படக்காரர் என்ற எண்ணம் எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. ஷட்டர் வேகம் (திறந்திருக்கும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது இரண்டு வாரத்துப் பாடம். தினசரிப் பழக்கமாக மாதக்கணக்கில் வைத்திருக்க அதில் சரக்கு இல்லை.

தெருவில் போகும் சைக்கிளை நொடியில் 1/30, 1/125, 1/500 பங்கு என்று மூன்று வேகத்தில் எடுங்கள். முதலில் சைக்கிள் இழுபட்டுக் கோடாகும்; கடைசியில் ஏறக்குறைய நின்றுவிடும். அடுத்து, கேமராவோடு வரும் கிட் லென்ஸை 55 மி.மீ.இல், அதாவது மிக நெருக்கிக் காட்டும் முனையில் வைத்து, பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, எஃப் 5.6 (பெரிய திறப்பு), எஃப் 16 (சிறிய திறப்பு) இரண்டிலும் எடுத்துப் பின்னணி என்ன ஆகிறது என்று பாருங்கள். மூன்றாவது பயிற்சிதான் எனக்குப் பிடித்தது. கேமராவின் வெளிச்சமானி எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கிவிடப் பார்க்கும். கொடியில் காயும் வெள்ளை வேட்டியால் ஃபிரேமை நிரப்பி எடுத்தால் அது நாலு நாள் கட்டிய வேட்டியாக வரும். எருமையால் நிரப்பி எடுத்தால் சாம்பல் எருமை வரும். வேட்டிக்கு, கேமராவின் வெளிச்சக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டல் பக்கம் ஒரு படி தள்ள வேண்டும். எருமைக்குக் கழித்தல் பக்கம். வெள்ளைச் சுவரின் முன் நிற்கும் கருத்த முகம் இன்னும் இருண்டுபோவதற்கும் இதே கணக்குதான் காரணம். கைபேசியில் என்றால் முகத்தின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலேயோ கீழேயோ நகர்த்தினால் போதும். இந்த ஒரு விஷயம் கைக்கு வந்துவிட்டாலே நம் ஊர் வெயிலில் நம் ஊர் முகங்களை எடுப்பதில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

அதன் பிறகு அப்பர்ச்சரை மட்டும் நாம் வைத்துக்கொண்டு, ஷட்டர் வேகத்தைக் கேமராவிடம் விடுகிற மோடுக்கு நிம்மதியாகத் திரும்பிவிடலாம். தெருவில் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நடக்கும்போது சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தால் எதிரே நடப்பது போய்விடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது பெரிய விலக்கு. கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதிக்கப் போகிறவருக்கு நான் சொல்லும் வரிசை தலைகீழாகிவிடும். கெட்டிமேளம் கொட்டி மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அட்சதை பறக்கிறது, ஹோமப் புகை கண்ணைக் கரிக்கிறது, நாத்தனாரின் கை குறுக்கே வருகிறது; இன்னொரு முறை கட்டுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு வீடியோக்காரரின் எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான விளக்குகள் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வீதம் நொடிக்கு நூறு முறை சிமிட்டும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டைபட்டையாகக் கருநிழல் விழும். 1/50, 1/100 ஆகியவற்றில் வைத்தால் அது அடங்கும். இதையெல்லாம் யோசிக்காமல் விரலே செய்ய வேண்டும். அந்தத் தொழிலுக்குப் போகிறவர்கள் தினமும் அரை மணி நேரம் வீட்டு விளக்கில், கண்ணை மூடிக்கொண்டு பொத்தான்களைத் தேடுகிற அளவுக்குக் கை பழக்க வேண்டியதுதான்.

ஒரே லென்ஸ், குழு நடை, பெரியவர்களின் படங்கள்

இம்மூன்றையும் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவை அரை மணி நேரத்துக்குப் போட்டியிடுபவை அல்ல.

ஒரே லென்ஸ் என்பது தனிப் பழக்கம் இல்லை. எந்தப் பழக்கத்தோடும் சேர்த்துக்கொள்ளக்கூடிய விதி. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே பிரெஸ்ஸன் தன் வேலையில் பெரும்பகுதியை லைக்கா கேமராவிலும் 50 மி.மீ. லென்ஸிலும் முடித்தார். அதற்காக உடனே கடைக்கு ஓட வேண்டாம். கிட் லென்ஸை 35இல் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பெரும்பாலான தொடக்கநிலைக் கேமராக்களில் இருக்கும் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் அது ஏறக்குறைய 50இன் பார்வைதான். கைபேசியில் திரையை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குவதை நிறுத்துங்கள். அப்படி இழுத்தால் பெரும்பாலும் படத்தின் ஓரங்கள் வெட்டப்படுகின்றன, அவ்வளவே. பெரிதாக வேண்டுமானால் கால்கள் இருக்கின்றன.

குழு நடை நல்ல பொழுதுபோக்கு. சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் போன்ற குழுக்களோடு விடியற்காலையில் கிளம்பிப் போவது தனியாகப் போகக் கூச்சப்படுபவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் காசிமேட்டில் வலை பின்னும் ஒரு பெரியவரைச் சுற்றி இருபது கேமராக்கள் நிற்கும்போது கிடைக்கிற படம் யாருடையது என்றே சொல்ல முடியாது. அந்தப் பெரியவரும் பாவம், வலையை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். நடையைவிட அது முடிந்து டீக்கடையில் ஆளுக்கு ஆள் திரையைக் காட்டிக்கொள்வதில்தான் பயன் அதிகம்: நான் நடந்த அதே தெருவில் இன்னொருவருக்கு இது எப்படிக் கண்ணில் பட்டது என்ற வயிற்றெரிச்சல் நிறையச் சொல்லிக்கொடுக்கும். மாதம் ஒருமுறை போதும்.

பெரியவர்களின் படங்களைப் பார்ப்பது அவசியம். ஆனால் இன்ஸ்டாகிராமில் விரலால் தள்ளிக்கொண்டே போவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒரு படம், ஐந்து நிமிடம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எடுத்தவர் எங்கே நின்றார், எதை ஃபிரேமுக்கு வெளியே விட்டார்? மதராஸ் ராணுவத்தில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப் 1850களின் இறுதியில் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் கோவில்களை எடுத்த படங்களை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் காணலாம். காகித நெகட்டிவில், லென்ஸை நீண்ட நேரம் திறந்துவைத்து எடுத்தவை. தூண்களின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால், மனிதர் எந்த நேரத்துக்காகக் காத்திருந்திருப்பார் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். தெரிந்த கோவிலாக இருந்தால் இன்னும் சுவாரசியம்.

ஃபில்ம் சுருள் செலவு பிடித்த ஆசை. எடுத்த படத்தின் முகத்தைப் பார்க்கவே நாட்கணக்கில் ஆகும். கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்த இடைவெளி உதவாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே இடம்

இப்போது நான் பரிந்துரைக்கும் பழக்கத்துக்கு வருகிறேன். வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ பத்து நிமிடத்தில் நடந்து போகிற தொலைவில் ஓர் இடம். பஸ் நிறுத்தம், குளக்கரை, மார்க்கெட் தெரு, ரயில்வே கேட், எதுவானாலும் சரி. மனிதர்கள் வந்து போகிற இடமாகவும், காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் விழுகிற இடமாகவும் இருந்தால் போதும். வாரத்தில் ஐந்தாறு நாள் அங்கே அரை மணி நேரம்.

இந்தப் பழக்கத்தின் பெரிய வரவு வெளிச்சம். எதை எடுப்பது என்று அலைகிற வேலை இல்லாததால் கண் வெளிச்சத்தின் பக்கம் திரும்புகிறது. மயிலாப்பூரை எடுத்துக்கொள்வோம். கபாலீசுவரர் கோவிலின் பெரிய ராஜகோபுரம் கிழக்கே இருக்கிறது, குளம் மேற்கே. கிழக்கு வாசலில் நின்று கோபுரத்தை மாலையில் எடுத்தால் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டிருக்கும். சுதைச் சிற்பங்கள் எல்லாம் ஒரே கருப்பாகக் கிடைக்கும். காலையில் அதே இடத்தில் நின்றால் ஒவ்வொரு சிற்பத்தின் மூக்கும் விரலும் தனித்தனியே தெரியும். குளத்தின் மேற்குக் கரைக்கு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது: காலையில் கோவில் நிழலுருவம், மாலையில் பொன்னிறம், தண்ணீர் இருந்தால் கூடவே அதன் பிம்பம். ஒருமுறை வந்து போகிற சுற்றுலாப் பயணி தனக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவார். பக்கத்துத் தெருக்காரருக்கு எது எப்போது என்று தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும்.

வெயிலைப் பற்றி இன்னொன்று. சூரியன் உதித்த பிறகும் மறைவதற்கு முன்பும் ஒரு மணி நேரம் பொன்னான நேரம் என்று புத்தகங்களில் இருக்கும். அவற்றில் பல குளிர்நாட்டவர்கள் எழுதியவை. லண்டனில் டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தைத்தான் எட்டும். பகல் முழுக்கச் சாய்ந்த வெயில். சென்னை இருப்பது 13ஆம் அட்சரேகையில். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. அரை மணி நேரத்துக்குள் 6 டிகிரியைத் தாண்டிவிடும்; அதோடு அந்த மஞ்சள் போய்விடும். நமக்குக் கிடைப்பது முப்பது, மிஞ்சினால் நாற்பது நிமிடம். உதிக்கும் நேரமும் மாறுகிறது: மே கடைசியில் 5.40ஐ ஒட்டி, ஜனவரி கடைசியில் 6.35ஐ ஒட்டி. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டிச் சென்னையில் நண்பகலில் செங்குத்துப் பொருளுக்கு நிழலே விழாது. அந்த நாட்களில் உச்சிவேளையில் முகத்தை எடுத்தால் கண்குழி இரண்டும் கருப்பாகிவிடும். அதே நண்பகல் டிசம்பரில் அவ்வளவு கொடுமையில்லை. சூரியன் தெற்கே 53 டிகிரி உயரத்தில் நிற்பதால் தெருவின் ஒரு பக்கத்துக்கு நல்ல சாய்வெளிச்சம் கிடைக்கும். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் தானாகவே தெரியவரும்.

ஒரு பூக்கடையை வைத்துப் பார்க்கலாம். மேலே நீலத் தார்ப்பாய். முதல் நாள் எடுத்த படத்தில் மல்லிகை நீலமாக இருக்கும், பூக்கார அம்மாவின் முகமும் நீலமாக இருக்கும். ஏன் என்று மேலே பார்த்தால் வெயில் தார்ப்பாய் வழியாக வடிகட்டி இறங்குவது தெரியும். வீட்டுக்கு வந்து, படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் திருகி மல்லிகையை வெள்ளையாக்கினால், ஓரத்தில் தெருவிலிருந்து வெளிச்சம் வாங்கும் வாழையிலை ஆரஞ்சு அடித்துப்போகும். இரண்டு வெளிச்சமும் ஒரே ஃபிரேமில் இருக்கும்வரை அது தீராது. சில நாள் போனால், சூரியன் தாழ்ந்திருக்கிற நேரத்தில் வெயில் தார்ப்பாய்க்குக் கீழே நுழைந்து அந்த அம்மாவின் கையையும், கட்டிக்கொண்டிருக்கும் சரத்தையும் மட்டும் தொடுவதைக் காண்பீர்கள். பின்னால் எல்லாம் இருட்டு. கையின் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரை வைத்தால் பின்னணிக் குப்பை மொத்தமும் காணாமல் போய்விடும். அது சில நிமிடக் காட்சி. பிறகு வெயில் ஏறிவிடும், மறுபடி நீலம்தான். இதை எந்த வகுப்பிலும் பாடமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, அங்கே நின்று பார்த்தால் மறக்காது.

இரண்டாவது வரவு மனிதர்கள். முதல் வாரம் கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பத்திரிகையா, மாநகராட்சியா என்று விசாரிப்பார்கள். போகப் போக நீங்கள் அந்தத் தெருவின் ஓர் அங்கமாகிவிடுவீர்கள்; அதற்குப் பிறகுதான் யாரும் கேமராவுக்காக முகத்தை மாற்றிக்கொள்ளாத படங்கள் கிடைக்கும். எடுத்த படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் இந்தக் காலம் பாதியாகக் குறையும். தனியாகக் கேமராவோடு நிற்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியமானது. புதுத் தெருவில் பத்து நிமிடம் நிற்பதற்குள் நாலு பேர் வந்து என்ன ஏது என்று கேட்கும் ஊரில், பெயர் தெரிந்த இட்லிக்கடை அக்கா ஒருவர் பக்கத்தில் இருப்பது லென்ஸைவிடப் பெரிய வசதி. வேண்டாம் என்று ஒருவர் கையை ஆட்டினால் கேமராவைக் கீழே இறக்கிவிட வேண்டும். நாளைக்கும் அதே முகத்தில்தானே விழிக்கப் போகிறோம். கோவிலை ஒட்டிய இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: தமிழகக் கோவில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

இந்தப் பழக்கத்தின் குறை சலிப்பு. மூன்றாவது வாரத்தில் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று என்று தோன்றும். அமெரிக்காவில் வில்லியம் கிறிஸ்டன்பெரி என்பவர் 1960களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள், அலபாமா மாநிலத்தின் ஹேல் கவுண்டிக்குக் கோடைதோறும் போய், அதே கட்டடங்களை எடுத்துக்கொண்டிருந்தார். வாஷிங்டனுக்குக் குடியேறிய பிறகும் அந்தப் போக்கு நிற்கவில்லை. ஆரம்பத்தில் அவர் கையிலிருந்தது சாதாரண பிரவுனி என்ற எளிய பெட்டிக் கேமரா. ஒரு கட்டடம் கடையாகி, பூட்டப்பட்டு, கொடி படர்ந்து, இடிந்து போகும்வரை வரிசையாக வந்தது. அவருக்கு இருந்த பொறுமை நமக்கு வேண்டியதில்லை. மூன்று மாதம்தான் கேட்கிறேன். சலிப்பு வந்தால் விதியை மாற்றிக்கொள்ளுங்கள்: இந்த வாரம் கைகள் மட்டும், அடுத்த வாரம் முழங்கால் உயரத்திலிருந்து மட்டும், அதற்கடுத்த வாரம் ஃபிரேமில் மூன்று ஆள் இல்லாமல் ஷட்டரைத் தொடுவதில்லை. மழை நாளில் கட்டாயம் போங்கள். நவம்பர் மழையில் நனைந்த தார்ச்சாலை, மாலை ஆறு மணிக்கு, கடை விளக்குகளையெல்லாம் இரட்டிப்பாக்கிக் கொடுக்கும்.

பொறுக்குவது

நியூயார்க்கின் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது ஏறத்தாழ 2,500 ஃபில்ம் சுருள்கள் கழுவப்படாமலேயே இருந்தன. கழுவியும் அச்சுப் பார்க்காதவை ஏறத்தாழ 6,500. மாபெரும் கலைஞர்தான், ஆனால் கடைசி வருடங்களில் தான் எடுத்த பெரும்பாலான படங்களின் முகத்தை அவரே பார்க்கவில்லை. இன்று நம் கைபேசிகள் எல்லாம் வினோகிராண்டின் அலமாரிகள்தான், அவருடைய கண் மட்டும் நம்மிடம் இல்லை. எடுப்பது இலவசம் ஆனபிறகு, பார்ப்பதுதான் யாரும் செய்யாத வேலையாகிவிட்டது.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. எடுத்த சூட்டோடு பார்க்கக் கூடாது, எடுத்தபோது இருந்த மனநிலை கண்ணை மறைக்கும் என்று அவர் நினைத்தார், வேண்டுமென்றே தள்ளிப்போட்டார். அவ்வளவு நீண்ட இடைவெளி நமக்கு ஆகாது. ஆனால் ஒரு வாரம் மிகச் சரியாக இருக்கும். வெயிலில் நின்ற கஷ்டம் மறந்திருக்கும், படம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்தின் படங்களைத் திறங்கள். முதல் சுற்றில் வேகமாக ஓடி, கண் தானாக நின்ற இருபதைக் குறியுங்கள். அந்த இருபதைச் சின்னச் சதுரங்களாக ஒரே திரையில் பாருங்கள். சின்னதாகப் பார்க்கும்போது விவரம் மறைந்து வடிவம் தெரியும், உருப்படாதவை உடனே விழுந்துவிடும். ஐந்தாகக் குறையுங்கள். ஐந்திலிருந்து ஒன்று. அந்த ஒன்றுக்கும், கடைசி நிமிடத்தில் தோற்ற இரண்டாவதுக்கும் ஏன் என்று ஒரு வரி நோட்டில் எழுதுங்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்றெல்லாம் எழுதக் கூடாது. ‘இடது ஓரத்தில் பைக்கின் கண்ணாடி உறுத்துகிறது, ஒரு அடி வலப்பக்கம் நகர்ந்திருக்கலாம்’ என்பது மாதிரி எழுத வேண்டும். அடுத்த வாரம் அதே இடத்துக்குத்தான் போகப் போகிறீர்கள், நகர்ந்து பார்த்துவிடலாம். ஒரே இடம், பொறுக்குதல் ஆகிய இரண்டையும் நான் ஜோடியாகச் சொல்வது இதனால்தான். ஊர் ஊராகப் போய் எடுப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை தெரிந்த தவற்றைத் திங்கட்கிழமை திருத்த வழியில்லை.

தோற்றவற்றை உடனே அழிக்காதீர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அன்று ஒதுக்கியதில் ஒன்றிரண்டு இன்றைய தேர்வைவிட நன்றாக இருக்கும். ஐந்தையும் பக்கத்து ஸ்டுடியோவில் 4×6 அங்குலத்தில் அச்சிடுங்கள், அதிகம் செலவாகாது. வீட்டில் ஒருவரிடம் காட்டி, நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், கண் முதலில் எங்கே போகிறது என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் அந்த அம்மாவின் கை என்று நினைத்திருப்பீர்கள். பின்னாலிருக்கும் சிவப்பு பக்கெட் என்று பதில் வரும்.

யாருக்குப் பொருந்தாது

கைக்குழந்தையோ முடியாத பெற்றோரோ வீட்டில் இருப்பவர்கள் தெருவில் நிற்க முடியாது. அவர்களுக்கு ஒரு ஜன்னலும் ஒரு நாற்காலியும் போதும். அதே ஆளை, அதே ஜன்னலோரத்தில், வேறு வேறு நேரங்களில் எடுப்பதில் தெருவுக்கு எந்த விதத்திலும் குறையாத பாடம் இருக்கிறது. இரவுப் பணிக்காரர்களுக்குச் சூரியன் கிடைக்காது, ஆனால் சோடியம் விளக்கும் டீக்கடைக் குழல்விளக்கும் கிடைக்கும், விதி அதேதான். பறவை ஆசை உள்ளவர்களுக்குப் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கரணையின் ஒரே மூலையில் வருடக்கணக்கில் நிற்பவர்கள் அவர்கள். கல்யாணத் தொழிலுக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

கையில் கேமராவே இல்லை, வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் மூன்று மாதத்தையும் கைபேசியிலேயே ஓட்டுங்கள். கைபேசியால் முடியாத எதையாவது அதற்குள் நீங்கள் அடிக்கடி எடுக்க முயன்றிருந்தால், வாங்க வேண்டியது எது என்பது அதிலிருந்தே தெரியும். கிட் லென்ஸோடு டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் டேப்பை முதல் மாதத்தோடு எடுத்துவிட்டு, மீதி இரண்டு மாதம் மனம் போன தூரத்தில் எடுங்கள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேறிய படங்களை மட்டும் திறந்து, படத்தோடு பதிவாகும் எக்ஸிஃப் விவரத்தில் எத்தனை மி.மீ. என்று பாருங்கள். பெரும்பாலானவை 35ஐச் சுற்றி நின்றால் 35 மி.மீ. லென்ஸ் வாங்கலாம். 50ஐத் தாண்டியே இருந்தால் 50 மி.மீ. எஃப் 1.8. பதினெட்டிலிருந்து ஐம்பத்தைந்து வரை சிதறிக் கிடந்தால் இருக்கிற கிட் லென்ஸே போதும். அந்தப் பணத்தில் இன்னும் கொஞ்சம் படங்களை அச்சிடலாம்.